கஸ்பரின் லொறி

பங்குக் கோயில் திருவிழா மலரின் பின்னட்டையில் ஒருவருடைய படம் வந்துவிட்டால் அவர் பொய் சொல்லமாட்டார் என்று இக்னேசியஸ் நம்பினார். உள்பக்கங்களில் படம் வருகிறவர்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு உறுதியான கருத்து இல்லை.

அந்த ஆண்டு பின்னட்டையில் இருந்தவர் கஸ்பர். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசையாக லொறிகள். லொறிகளுக்குப் பின்னால் மலைகள். மலைகளுக்குப் பின்னால் சூரியன். சூரியனுக்கு மேலே ‘கஸ்பர் குளோபல் ஒட்டோ லொஜிஸ்ரிக்ஸ்’ என்றும், காலடியில் ‘உங்கள் கதவிலிருந்து உங்கள் கதவுக்கு’ என்றும் எழுதியிருந்தது. பக்கத்தின் மூலையில் புனித கிறிஸ்ரோப்பர் மிகச் சிறியதாக நின்று எல்லாவற்றையும் ஆசீர்வதித்தார்.

இக்னேசியசுக்கு அனுப்பவேண்டியிருந்தது ஒரே ஒரு வெள்ளை வான். முள்ளந்தண்டில் செய்த சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருடைய மனைவி வேரோனிக்கா சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். நாற்காலியோடு ஏறி இறங்குவதற்காக அந்த வானின் தரையைத் தாழப் பதித்து, பக்கக் கதவில் சாய்தளம் ஒன்று பொருத்தியிருந்தார்கள். வேரோனிக்கா கடைக்குப் போவதும் பூசைக்குப் போவதும் அதில்தான். டாஷ்போட்டில் மடு மாதாவின் சிறிய சிலை. பனிக்காலக் குலுக்கலில் விழாதிருக்க இக்னேசியஸ் அதை நல்ல பசையாக வாங்கி ஒட்டியிருந்தார்.

இலையுதிர் காலத்தில் மகள் ஸ்டெபனிக்கு, மேற்குக் கனடாவில் எட்மன்ரனுக்குப் பக்கத்துச் சிறிய ஊரொன்றில் பெண் குழந்தை பிறந்தது. ரொறொன்ரோவில் மல்வேர்ன் வாடகை வீட்டை விட்டுவிட்டு இருவரும் மகளோடு போய் இருப்பதென்று முடிவாயிற்று. வேரோனிக்கா முன்னாலே விமானத்தில் போனார். விமான நிலையத்திலிருந்து மகள் வீட்டுக்கு, நாற்காலி ஏற்றும் வாகனமொன்றை எட்மன்ரனிலிருந்து ஒழுங்கு செய்தார்கள். மகளின் ஊரில் அப்படி வாகனம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எட்மன்ரனிலிருந்தும் வராது. குழந்தைக்கு ஞானஸ்நானம் மார்கழி முதல் ஞாயிறு. ஞானத்தாய் பாரிசிலிருந்து வர விமானச் சீட்டு எடுத்துவிட்டார். வேரோனிக்கா தன் கையாலேயே குழந்தைக்கு வெள்ளைச் சட்டை பின்னி முடித்திருந்தார். பேத்தியை ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் மடியில் வைத்திருக்கவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்கு வான் வேண்டும்.

இக்னேசியஸ் தானே ஓட்டிப் போயிருப்பார். கண்ணில் ஒப்பரேஷன் நடந்திருந்ததால், இந்தக் குளிருக்கு நெடுஞ்சாலைப் பக்கம் போகவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

கார்த்திகை தொடக்கத்தில் அவர் முதலில் போனது சச்சிதானந்தனிடம். மல்வேர்னில் ரயர்க் கடையொன்றுக்குப் பின்னால் அவருடைய லொறி நிற்கும். ஒரே லொறி. கார்களை ஏற்றி மேற்கு மாகாணங்களில் கொண்டுபோய் இறக்குவது தொழில். இக்னேசியஸ் வானோடு போனபோது அவர் லொறிக்குக் கீழே படுத்திருந்தார்.

“தம்பி, எட்மன்ரன் பக்கம் வானொண்டு அனுப்பவேணும்.”

“அனுப்பலாம் அண்ணை,” என்று லொறியின் அடியிலிருந்து குரல் வந்தது.

“மார்கழி முதல் ஞாயிறுக்கு முன்னம் போய்ச் சேருமோ?”

சச்சிதானந்தன் வெளியே வந்தார். வானைச் சுற்றி நடந்தார். குனிந்து அடியைப் பார்த்தார். சாய்தளத்தை இறக்கச் சொல்லி அதையும் பார்த்தார்.

“அடி பதிவு. மேல்தட்டில ஏத்தினா தட்டும். கீழ்த்தட்டில, கடைசியாத்தான் ஏத்தவேணும்.” பிறகு கண்ணாடிக்குள்ளால் சிலையைக் கண்டார். எண்ணெய்க் கையைக் காற்சட்டையில் துடைத்து நெஞ்சில் வைத்தார். “உவா மடு அம்மாளெல்லோ?”

“ஓம்.”

“அடுத்த கிழமை வெளிக்கிடுறன் அண்ணை. நிச்சயமாக் கொண்டுபோய்க் குடுப்பன். ஆனா திகதி சொல்லமாட்டன். சுப்பீரியர் ஏரிக்கரையில ஸ்னோ கொட்டி றோட்டைப் பூட்டினாங்கள் எண்டா நானும் அங்க கிடக்கவேண்டியதுதான்.”

“ஒரு உறுதி மாதிரி ஏதும்...”

“ஸ்னோ என்ர சொந்தக்காரன் இல்லை அண்ணை.”

இக்னேசியசுக்கு மனம் சற்றுக் கசந்தது. ஒரு வாக்குக் கொடுக்க இவ்வளவு கஞ்சத்தனம் கூடாது என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து திருவிழா மலரை எடுத்துப் பின்னட்டையைப் பார்த்தார். கஸ்பர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கஸ்பரின் அலுவலகம் ஸ்காபரோ பிளாசா ஒன்றின் மேல்மாடியில், நகைக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் மேலே இருந்தது. சுவர் முழுவதும் லொறிப் படங்கள். மேசையில் ஒரு கண்ணாடி லொறி, அதற்குள் மிட்டாய்கள். இக்னேசியஸ் மிகவும் பணிவாகக் கேட்டார்: “உங்கட லொறியள் எங்க தம்பி நிக்கும்?”

கஸ்பர் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்தார்.

“அண்ணை, நல்ல கேள்வி. லொறி வைச்சிருக்கிறவனுக்கு ஒரு லொறிதான் இருக்கும். அது பழுதாப் போனா அவனும் பழுது. ரயர், டீசல், றைவர், ஸ்னோ எண்டு அவன்ர சீவியம் முழுக்கக் கவலை. நாங்கள் அந்தக் கவலை ஒண்டையும் வைச்சிருக்கிறதில்லை. அதால கனடாவில ஓடுற எல்லா லொறியும் எங்கட லொறிதான்.”

ஒன்றுமில்லாதவனுக்கு எல்லாம் சொந்தம் என்று ஃபாதரும் ஒரு பிரசங்கத்தில் சொன்னது இக்னேசியசுக்கு நினைவு வந்தது. அவர் தலையைத் தாழ்த்தினார்.

“மார்கழி முதல் ஞாயிறு ஞானஸ்நானம்...”

“காரண்ரி அண்ணை. லொறிக் கரியர் எண்டால் போவான், வருவான். நாங்கள் உறவு. உங்களுக்கும் உங்கட வானுக்கும் இடையில நிக்கிறது நாங்கள்.”

இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. இக்னேசியஸ் முழுத் தொகையையும் அன்றே கொடுத்தார். பற்றுச்சீட்டை வாசித்துப் பார்க்கவில்லை. நம்முடைய ஆளுக்கு முன்னால் இருந்து வாசித்தால் சந்தேகப்படுவது போல இருக்கும்.

மறுநாள் காலை மெலிசா அழைத்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அந்த நிறுவனத்தின் ‘வாடிக்கையாளர் ஆறுதல் தூதுவர்’.

“அங்கிள், வான் எம்ப்ரியா இருக்கவேணும். பேர்சனல் ஐற்றம்ஸ் நொற் அலவ்ட், ஓக்கே?”

“ஒண்டும் இல்லைப் பிள்ளை. மாதா சிலை மட்டும் ஒட்டியிருக்கு.”

“சிலையா? வன் செக்கண்ட்.” தட்டச்சுச் சத்தம் கேட்டது. “அங்கிள், சிஸ்ரத்தில ரெண்டு சொய்ஸ்தான் இருக்கு. பகேஜ் அல்லது பசெஞ்சர். மாதா எது?”

இக்னேசியஸ் யோசித்தார். மாதாவைப் பொதி என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

“அப்ப பசெஞ்சர் எண்டு போடுங்கோ பிள்ளை.”

“பசெஞ்சர் எண்டா வான் போக ஏலாது அங்கிள். லயபிலிற்றி. அவவைக் கழட்ட ஏலாதா?”

“நல்ல பசை பிள்ளை.”

விடயம் மேலே போயிற்று. கஸ்பர் தானே தலையிட்டு முடிவு கண்டார். மாதா பகேஜும் அல்ல, பசெஞ்சரும் அல்ல. கண்ணாடி துடைப்பான்களைப் போல வானோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட துணைப்பாகம். அப்படியே இக்னேசியஸ் கையொப்பமிட்டார். அன்றைய செபமாலையில் அதற்காகத் தனியாக ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னார்.

பிறகு வான் பல நிலைகளைக் கடந்தது. ‘தயார்’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘தயாரென உறுதி செய்யப்பட்டது’ என்று இன்னொன்று. ‘அனுப்புகைக்கு முந்திய அனுப்புகை நடைபெற்றுவிட்டது, வாழ்த்துகள்’ என்று பட்டாசுப் படத்தோடு மற்றொன்று. இவ்வளவும் நடக்கும்போது வான் மல்வேர்ன் கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில், பழைய இடத்திலேயே நின்றது.

“அனுப்பியாச்சு எண்டு வந்திருக்கு, வான் கீழ நிக்குதே பிள்ளை.”

“அது வெஹிக்கிள், அங்கிள். அனுப்பினது ஃபைலை.”

கார்த்திகை நடுவில் ஒருநாள் ஒரு சிறிய இழுவை வண்டி வந்தது. ஓட்டிவந்தவர் சுயிங்கம் மென்றுகொண்டே வானைக் கொளுவினார். அந்த வண்டியே கனடாவைக் கடந்து எட்மன்ரன் வரை போகப்போகிறது என்று எண்ணிய இக்னேசியஸ், ஓடிப்போய்த் தீர்த்தப் போத்தலைக் கொண்டுவந்து வண்டியின் நான்கு பக்கமும் தெளித்தார். ஓட்டுநருடைய முகத்திலும் சிறிது பட்டது. வழிச்சாப்பாடாக இடியப்பப் பொதியும் கொடுத்தார். அந்த மனிதர் பொதியை வாங்கிக்கொண்டு, “லோங் றைட்டுக்குத் தாங்ஸ்,” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அவர் ஏன் சிரித்தார் என்று இக்னேசியஸ் யோசிக்கவில்லை.

“அப்ப நானும் வெளிக்கிடலாம்தானே பிள்ளை?” என்று மெலிசாவைக் கேட்டார்.

“ஓ நோ அங்கிள். நீங்கதான் றிலீஸ் அதோறிற்றி. வான் டெலிவர் ஆகிற வரைக்கும் ரொறொன்ரோவில இருக்கவேணும். யூ ஆர் வெறி இம்போற்றன்ற்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக இக்னேசியஸ் ஒரு அதிகாரியானார். வீட்டுச் சாமான்களை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, ஒரு மெத்தையும் ஒரு கேத்தலுமாக வெறும் வீட்டில் அதிகாரம் செலுத்திக்கொண்டு இருந்தார். அவருடைய விமானம் அவரில்லாமல் போயிற்று.

ஒவ்வொரு மாலையும் வேரோனிக்கா அழைத்தார்.

“இஞ்சேருங்கோ, வான் எங்க நிக்குதாம்?”

“வழியில வருதாம்.”

“எந்த வழியில?”

இதைத்தான் இக்னேசியஸ் மெலிசாவிடம் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை, மிசிசாகாவில் உள்ள பங்காளி நிறுவனத்தைக் கேட்கச் சொன்னாள். மிசிசாகாக்காரர் தாங்கள் அந்த வானை அன்றே மொன்றியலுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். இக்னேசியஸ் திடுக்கிட்டார். வான் மொன்றியலுக்குப் போகவில்லை, பொறுப்பு மட்டும்தான் போனது என்று அவர் ஆறுதல் சொன்னார். மொன்றியலில் ஒரு பெண் மிகவும் அன்பாக, அந்தப் பொறுப்பு இப்போது வினிபெக்கில் பாதுகாப்பாக இருக்கிறது என்றாள். வினிபெக்கில் இருந்தவர், ஆர்வமுள்ள லொறிக்காரர் எவராவது பார்த்து எடுப்பதற்காக அதை இணையப் பலகையில் போட்டிருப்பதாகச் சொன்னார். ஒவ்வொருவரும் தத்தமக்கான துண்டை வெட்டிக்கொண்டு மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுத்திருந்தார்கள். கடைசியாகப் பலகைக்கு வந்த கூலியைப் பார்த்து எந்த லொறிக்காரரும் எடுக்கவில்லை.

இக்னேசியஸ் வாய்விட்டு முறையிட்டதில்லை. ஆனால் அவர் அடிக்கடி அழைத்ததால், அவருடைய வழக்கு ‘உணர்வுபூர்வமான கோப்பு’ என்று தரம் உயர்த்தப்பட்டு, எல்லோரும் தொலைபேசியில் கூடும் ஒருங்கிணைப்புக் கூட்டம் ஒன்று வைக்கப்பட்டது. கஸ்பர் செபத்தோடு ஆரம்பித்தார். மிசிசாகா ஸ்காபரோவுக்கு நன்றி சொன்னது. மொன்றியல் மிசிசாகாவுக்கு நன்றி சொன்னது. வினிபெக் அனைவருக்கும் நன்றி சொல்லி, இவ்வளவு பேர் ஒரு வானைப் பற்றிக் கவலைப்படுவதைத் தன் தொழில் வாழ்க்கையில் கண்டதில்லை என்று நெகிழ்ந்தது. மெலிசா இடையிடையே மொழிபெயர்த்தாள்.

முடிவில், வாடிக்கையாளர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்கள்.

“எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்,” என்றார் இக்னேசியஸ். “இஞ்ச இருக்கிற உங்களில ஆரிட்டயாவது லொறி இருக்கோ?”

மெலிசா மொழிபெயர்த்தாள். பிறகு மொன்றியல் பெண், அது மிகச் சிறந்த கேள்வி என்றாள். வினிபெக் அதைக் குறித்துவைத்துக்கொண்டது. கூட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது.

கார்த்திகை முடிகிற கிழமை, கண்ணைக் காட்டுவதற்காக இக்னேசியஸ் பயணிகள் ரயிலில் பிக்கரிங் போனார். ரூஜ் ஆற்றைத் தாண்டி, ஏரியை விட்டு உள்ளே திரும்பியபின், தண்டவாளத்தை அடுத்து முள்வேலி போட்ட வளவொன்று வந்தது. உள்ளே நொறுங்கிய கார்கள், ரயர்க் குவியல்கள். அவற்றுக்கு நடுவில், கூரையில் பனி மூடி, ஒரு வெள்ளை வான். பக்கக் கதவில் சாய்தளம். ரயில் கடந்துவிட்டது. இக்னேசியஸ் எழுந்து நின்று, ஓடுகிற ரயிலுக்குள்ளே பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். எதிரே இருந்த பெண்மணி தன் பையை ஒதுக்கி அவருக்கு வழிவிட்டார்.

நிலையத்தில் இறங்கியதும் மெலிசாவை அழைத்தார்.

“பிள்ளை, வான் பிக்கரிங்கில நிக்குது. நான் கண்டனான்.”

“அங்கிள், சிஸ்ரத்தில ‘இன் ட்ரான்சிற்’ எண்டு இருக்கு.”

“நான் என்ர கண்ணால கண்டனான்.”

மெலிசா சற்று மென்மையாகக் கேட்டாள்: “அங்கிள், நீங்க கண் சேர்ஜறி செய்தனீங்கள் தானே?”

கண் வைத்தியரிடம் போகவேண்டிய நேரத்தில் அவர் பனியில் நடந்து அந்த வளவுக்குப் போனார். வான்தான். மாதாவின் முகத்துக்கு முன்னால் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தது. இக்னேசியஸ் உதிரிச் சாவியையும் வானின் உரிமைப் பத்திரத்தையும் வாசலில் இருந்தவரிடம் காட்டினார். அவர் தன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். இந்த வானைக் கொடுக்க ஸ்காபரோவுக்கும் மிசிசாகாவுக்கும் மொன்றியலுக்கும் வினிபெக்குக்கும் அனுமதி உண்டு என்றும், சொந்தக்காரருக்கு இல்லை என்றும் வருத்தத்தோடு தெரிவித்தார்.

இக்னேசியஸ் நேரே பிளாசாவுக்குப் போனார். கஸ்பர் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

“அண்ணை, நீங்கள் உரிமையாளர். அதை நான் முழு மனதோட ஒத்துக்கொள்ளுறன். ஆனா இந்த நெட்வேர்க்கில உரிமையாளருக்கெண்டு ஒரு இடம் இல்லை. கஸ்ரமர் எண்டு ஒரு இடம் இருக்கு. அந்த இடத்தில உங்களை மாதிரி ஒருவர் இருக்கிறது எங்களுக்குப் பெருமை.”

“வழியில வருது எண்டு சொன்னீங்கள்.”

“வழி எண்டா என்ன அண்ணை? உங்கட வீட்டில வான் இல்லை. மகள் வீட்டிலயும் இல்லை. அப்ப இடையில எங்கயோ நிக்குது. அதைத்தான் நாங்கள் ட்ரான்சிற் எண்டுறது.”

“எட்மன்ரன் மேற்கில இருக்கு, தம்பி. பிக்கரிங் கிழக்கில.”

கஸ்பர் மிகுந்த பொறுமையோடு சிரித்தார். “அது லொறிக்காரன்ர பார்வை அண்ணை. கிழக்கு, மேற்கு, தூரம், ஸ்னோ... இதுகளைத் தாண்டி யோசிக்கிறதுக்குத்தான் எங்களுக்குக் காசு தாறீங்கள்.” பிறகு மிட்டாய் லொறியை நீட்டினார். “ஒண்டு எடுங்கோ.”

இக்னேசியஸ் ஒன்று எடுத்துக்கொண்டார். மறுக்க அவருக்குத் தெரியாது. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது அவருடைய கண் கலங்கியது. ஒப்பரேஷன் செய்த கண் அது. கலங்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை பின்னேரம் தெரியாத இலக்கமொன்றிலிருந்து அழைப்பு வந்தது.

“அண்ணை, நான் சச்சிதானந்தன். வான் தந்தனீங்களே... இல்லை, தராமல் போனீங்களே, அந்த ஆள்.”

“சொல்லுங்கோ தம்பி.”

“எட்மன்ரன் ரிப்புக்கு ஒரு இடம் காலியாக் கிடந்துது. வெறும் இடத்தைக் கொண்டுபோறதை விட எண்டு வினிபெக் புறோக்கர் ஒருவன்ர லோட் ஒண்டை எடுத்தன். பிக்கரிங் யாட்டுக்கு வந்து பார்த்தா, உள்ளுக்க மடு அம்மாள் இருக்கிறா. பேப்பரில உங்கட நம்பர் கிடந்துது. உங்கட வான்தானே?”

இக்னேசியஸ் தொலைபேசியை மற்றக் கைக்கு மாற்றி, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார்.

“அண்ணை, நிக்கிறீங்களோ? நான் அண்டைக்குச் சொன்ன ரிப் போய், இறக்கிப்போட்டுத் திரும்பியும் வந்திட்டன். அண்டைக்கே தந்திருந்தா...” அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். “ஞாயிறு பூசைக்குத்தானே?”

“ஓம் தம்பி.”

“ஏலாது அண்ணை. பொய் சொல்லமாட்டன். ஏரிக்கரையில இப்பவே கொட்டுது. ஆனா உங்கட வானைக் கடைசியா ஏத்துறன். கடைசியா ஏறினதுதான் முதல் இறங்கும். வேற எங்கயும் நிக்காமல் நேர மகள் வீட்டு வாசலுக்குப் போறன்.”

“கூலி உங்களுக்குக் காணாதே தம்பி. நான்...”

“விடுங்கோ. அம்மாளை ஏத்திக்கொண்டு போறவன் கணக்குப் பார்க்கப்படாது.”

கஸ்பரின் நிறுவனத்திலிருந்து அன்று இரவே குறுஞ்செய்தி வந்தது: ‘உங்கள் விடாமுயற்சியை மதித்து, எங்கள் லொறி புறப்பட்டுவிட்டது.’

ஞாயிற்றுக்கிழமை காலை இக்னேசியஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மெத்தையின் விளிம்பில் இருந்தார். ஸ்டெபனி கைத்தொலைபேசியைக் கோயிலின் முன்வாங்கில் சாய்த்து வைத்திருந்தாள். படத்தில் தொட்டியின் பாதியும் ஒரு மெழுகுதிரியும் யாருடையவோ முழங்கையும் தெரிந்தன. வேரோனிக்காவும் மகள் வீட்டு முன் அறையில் இன்னொரு தொலைபேசியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கோயிலின் கூரை தெரியும். காலையில் மருமகன் அவரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போகப் பார்த்திருந்தார். வாசல் தாண்டியதும் சக்கரங்கள் பனியில் புதைந்துவிட்டன. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் ஓடிவந்து தூக்கிப் பார்த்தார்கள். வேரோனிக்காதான், “காணும், விடுங்கோ பிள்ளையள். குழந்தைக்கு நேரமாகுது, நீங்கள் போங்கோ,” என்று திருப்பி அனுப்பியவர்.

தண்ணீர் ஊற்றிய நேரம் முழங்கை மறைத்துவிட்டது. குழந்தை அழுத சத்தம் மட்டும் இருவருக்கும் கேட்டது.

பின்னேரம் வேரோனிக்கா அழைத்தார். அன்றைக்கு அவர், வான் எங்கே நிற்கிறது என்று கேட்கவில்லை. “சட்டை அளவாய் இருந்ததாம்,” என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை மதியம் சச்சிதானந்தனின் லொறி அந்த வீட்டு வாசலில் நின்றது. நடந்ததை ஸ்டெபனி பிறகு தொலைபேசியில் சொன்னாள். அவர் வானை இறக்கி, சாய்தளத்தில் ஒட்டியிருந்த பனிக்கட்டியைத் தட்டி, துணியால் துடைத்தாராம். ஜன்னலில் வேரோனிக்காவைக் கண்டதும் வீட்டுக்குள் வந்து, “அக்கா, இந்தாங்கோ உங்கட வான். முதல் எங்க போகவேணும்?” என்று கேட்டாராம்.

“கோயிலுக்கு,” என்றார் வேரோனிக்கா.

மருமகன் வேலைக்குப் போயிருந்தார். ஸ்டெபனியால் குழந்தையையும் பார்த்து நாற்காலியையும் தள்ளமுடியாது. எனவே அவ்வளவு தூரம் ஓட்டிவந்த அந்த மனிதரே கை கழுவிவிட்டு, மறுபடியும் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். கோயில் பூட்டியிருந்தது. மணியடித்ததும் வயதான குருவானவர் உணவுத் துவாயோடு வந்து கதவைத் திறந்தார். ஒருமுறை கொடுத்த ஞானஸ்நானத்தை மறுமுறை கொடுக்கமுடியாது என்று அவர் சொல்லவேண்டியிருந்தது. அது வேரோனிக்காவுக்கும் தெரியும். ஆனாலும் குருவானவர் முதல் நாள் மெழுகுதிரியை மறுபடி கொளுத்தினார். தொட்டியின் மூடியைத் திறந்தார். குழந்தையை வேரோனிக்காவின் மடியில் வைத்து, அவருடைய விரலைத் தண்ணீரில் நனைத்து, பேத்தியின் நெற்றியில் சிலுவை வரையச் சொன்னார்.

“குழந்தை இந்தமுறை அழேல்லை அப்பா,” என்றாள் ஸ்டெபனி.

“அந்தத் தம்பி எங்க நிண்டவர்?”

“பின்னுக்கு, கதவடியில. சப்பாத்தை வெளியில கழட்டி விட்டிட்டு வந்து நிண்டவர் அப்பா. வெளியில ஒரே ஸ்னோ. இஞ்ச அப்பிடிக் கழட்டத் தேவையில்லை எண்டு அம்மா சொன்னவ. பரவாயில்லை எண்டு மேசோட, வெறும் காலுறையோட நிண்டவர்.”



அடுத்த சனிக்கிழமை மாலை பங்கு ஒளிவிழா. மறுநாள் காலை விமானமென்பதால், எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போகலாமென்று இக்னேசியஸ் மண்டபத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தார். பாலர் நாடகம் முடிந்து, மூன்று ஞானிகளும் தாடியைக் கழற்றிய பிறகு, ஒலிவாங்கியில் அறிவித்தார்கள்: மலரின் பின்னட்டைக்கு அனுசரணை வழங்கியவரும், இந்த ஆண்டின் சிறந்த போக்குவரத்துச் சேவையாளருமான கஸ்பர் அவர்களுக்குக் கௌரவிப்பு.

கஸ்பர் மேடையேறினார். அவருக்குப் பொன்னாடை போர்த்தி, வெள்ளி நிறத்தில் ஒரு லொறி வடிவ நினைவுச் சின்னம் கொடுத்தார்கள். நல்ல பாரம். அந்த நிறுவனம் சொந்தமாக வைத்திருக்கும் முதல் லொறி அதுதான்.

“நான் ஒண்டும் செய்யேல்லை,” என்று கஸ்பர் தன் உரையைத் தொடங்கினார். சபை அவருடைய தாழ்மையைக் கண்டு கைதட்டியது. “உண்மையா, நான் ஒண்டும் செய்யிறதில்லை. ஆரோ ஏத்துறான், ஆரோ இறக்குறான். நான் நம்பிக்கையை மட்டும்தான் கொண்டுபோறன். அதுக்கு டீசல் தேவையில்லை. இஞ்ச இருக்கிற இக்னேசியஸ் அண்ணையைக் கேட்டுப் பாருங்கோ. அண்ணை, எழும்பி ஒரு வார்த்தை!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒலிவாங்கியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். இக்னேசியசுக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை.

“வான் போய்ச் சேர்ந்திட்டுது,” என்றார்.

பெரிய கைதட்டல்.

“கொண்டுபோனவர் சச்சிதானந்தன் எண்டு ஒருவர். அவர் இப்ப றோட்டில எங்கயோ நிப்பார். அவருக்காக எல்லாரும் ஒருக்கா...” ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லும்படி கேட்கத்தான் அவர் நினைத்தார். அதற்குள் அறிவிப்பாளர் ஒலிவாங்கியை வாங்கி, “கஸ்பர் குளோபலின் ஊழியர்களுக்கும் எங்கள் நன்றி,” என்று முடித்துவைத்தார். உணவு பரிமாறத் தொடங்கினார்கள். இக்னேசியஸ் அந்த மந்திரத்தைத் தனியாகச் சொல்லிக்கொண்டார்.

அவர் குளிருடுப்பை மாட்டிக்கொண்டு புறப்படும்போது, கஸ்பர் ஒரு கையில் உணவுத் தட்டும் மறு கையில் லொறியுமாக நின்றார். லொறியை மெலிசாவிடம் நீட்டி, “உதை என்ர காரில வைச்சு விடும் பிள்ளை,” என்றார். மெலிசா உயரமான சப்பாத்துப் போட்டிருந்தாள். அவள் அதைப் பங்குச் சபைச் செயலாளரிடம் கொடுத்தாள். செயலாளருக்கு அதிர்ஷ்டலாபச் சீட்டு எடுக்கும் வேலை இருந்தது. அவர் கதவடியில் நின்ற இக்னேசியசைக் கண்டார்.

“அண்ணை, வெளியிலதானே போறீங்கள்? உதை ஒருக்கா கஸ்பரின்ர காரடிக்குக் கொண்டுபோய்...”

இக்னேசியஸ் வாங்கிக்கொண்டார். வெளியே நன்றாகப் பனி கொட்டியது. லொறியைத் தன் குளிருடுப்புக்குள் வைத்து அணைத்துக்கொண்டு, வழுக்காத இடமாகப் பார்த்து அடிமேல் அடி வைத்து நடந்தார். காரைக் கண்டுபிடித்தார்; அது பூட்டியிருக்கவில்லை. பின்னிருக்கையில் அதை வைத்து, உருளாதபடி பக்கத்தில் இருந்த துவாயால் அண்டை கொடுத்து, கதவை மெதுவாகச் சாத்தினார்.

கஸ்பர் குளோபல் ஒட்டோ லொஜிஸ்ரிக்சின் வரலாற்றில், சொன்ன இடத்துக்கு, சொன்ன நாளிலேயே, ஒரு கீறலுமில்லாமல் போய்ச் சேர்ந்த பொருள் அது ஒன்றுதான்.